ஓரத்துப் பந்து

பக்கத்துல ஆள் உக்காந்திருக்கீங்கல்ல? எந்திரிக்க வேண்டாம், சும்மாதான் கேட்டேன். சொட்டு மருந்து விட்டுட்டு, கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்க, நாங்களே கூப்பிடுவோம்னு சிஸ்டர் சொல்லிட்டுப் போயிட்டாங்க. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம கண்ணை மூடிக்கிட்டு இருந்தா மனசு கண்ட இடத்துக்கும் போகுது. நீங்க யாருக்கு வந்திருக்கீங்க? அம்மாவுக்கா, சரி. உள்ள போயிருக்காங்களா? நேரமாகும், இங்க கூட்டம் ஜாஸ்தி. குரலைக் கேட்டா சின்ன வயசாத் தெரியுது, தம்பின்னே கூப்பிடறேன்.

எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. கண்ணு நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுல ரீத்தா, என் சம்சாரம், ஒரு தடவை காட்டிட்டு வாங்க, காட்டிட்டு வாங்கன்னு உசிரை வாங்கிட்டா. திண்டுக்கல்லுல ஏறினா மதுரை என்ன தூரம், அவ வாயை அடைக்கிறதுக்காவது போயிட்டு வருவோம்னு வந்தேன். அவ்வளவுதான்.

நான் அம்பயர். கிரிக்கெட்டான்னு கேக்காதீங்க, எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. பேஸ்பால். சூசைமாணிக்கம்னு பேரு. ஸ்கூல்ல பி.இ.டி. மாஸ்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். மாஸ்டர் வேலைக்கு ரிட்டயர்டு உண்டு, அம்பயர் வேலைக்குக் கிடையாது. அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

பேஸ்பால் நம்ம ஊர்ல யார் ஆடுறான்னு கேப்பீங்க. ஆடறாங்க தம்பி. கிரிக்கெட்டுல ஒரு புள்ள மேல வரணும்னா ஆயிரம் பேரைத் தாண்டணும். இதுல கூட்டம் கம்மி. நல்லா ஆடினா ரெண்டு மூணு வருஷத்துல ஸ்டேட்டுக்குப் போயிடலாம், சர்டிபிகேட் வந்துரும், ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டுக்கு வழி பிறக்கும். அதுக்காகவே எங்க பக்கம் ஏழைப் புள்ளைங்க இதுக்கு வரும். நானே எத்தனையோ பேரைச் சேர்த்து விட்டிருக்கேன்.

விளையாட்டு ரொம்ப லேசு. பேட் புடிக்கிறவளுக்கு முன்னால தரையில ஒரு வெள்ளைப் பலகை பதிச்சிருக்கும். பந்து அந்தப் பலகைக்கு மேல, முட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவுல போச்சுன்னா ஸ்டிரைக். விலகிப் போச்சுன்னா பால். மூணு ஸ்டிரைக் ஆனா ஆள் அவுட். நாலு பால் ஆனா அவ அடிக்கவே வேண்டாம், நடந்தே முதல் பேஸுக்குப் போயிடலாம். கிரிக்கெட்டுல ஸ்டம்ப் நட்டு வெச்சிருக்காங்க, பட்டா தெரியும். இதுல ஸ்டம்ப்பே கிடையாது. இருக்கிற மாதிரி நெனச்சுக்கணும். யார் நெனைக்கணும்? அம்பயர் நெனைக்கணும். அவன் நெனச்சதுதான் ஸ்டம்ப். பந்தைப் புடிக்கிற புள்ளைக்குப் பின்னால குனிஞ்சு நின்னுக்கிட்டு, வந்து விழுந்த அந்த நிமிஷமே சொல்லணும். யோசிச்சுச் சொன்னா அம்பயர் இல்ல.

நான் யோசிக்கவே மாட்டேன். 'ஸ்டிரைக்'குனு சொன்னா ரோட்டுல போற பஸ்ஸுக்குக் கேக்கும். எங்க தெருவுல பால்காரர்கூட என்னை ஸ்டிரைக் சார்னுதான் கூப்பிடுவார். மாணிக்கம் சார் நிக்கிறார்னா எந்த டீமும் பேசாது தம்பி. எங்க மாவட்டம் ஆடுற மேட்ச்சுக்கு நான் நிக்கிறதுக்கு எதிர் டீமே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கு. அப்படி ஒரு பேரு.

அந்தப் பேரைத்தான் மெஷின் கொண்டு போச்சு.

இந்த வருஷம் ஸ்டேட் போட்டிக்கு வந்துச்சு. நம்ம பக்கத்துக்காரர் ஒருத்தர் அமெரிக்காவுல வசதியா இருக்காராம். அங்க இப்ப இப்படித்தான், நம்ம புள்ளைங்களும் பழகட்டும்னு சொந்தச் செலவுல கேமரா, கம்ப்யூட்டர், கூட ரெண்டு பசங்கன்னு அனுப்பி வெச்சிட்டார். நாமக்கல் பக்கம் ஒரு காலேஜ் மைதானம். சுத்திக் கம்பம் நட்டு, கம்பத்துக்குக் கம்பம் கேமரா. கல்யாண மண்டபத்துல வெளிய உக்காந்திருக்கிறவங்களுக்கு வைப்பாங்களே, அந்த மாதிரி ஒரு பெரிய ஸ்கிரீன்.

விதியையும் மாத்திட்டாங்க. பந்து போடறதுக்குக் கடிகாரம். அது ஓடி முடியறதுக்குள்ள போடலைன்னா சும்மா ஒரு பால். மூலையில இருக்கிற பேஸையெல்லாம் பெருசு பண்ணிட்டாங்க. புள்ளைங்களை ஷூவைக் கழட்டச் சொல்லி, வராந்தா சுவத்துல நிக்க வெச்சு உயரம் அளந்தாங்க. எதுக்குப்பான்னு அந்தப் பசங்கள்ல ஒருத்தனைக் கேட்டேன். அவங்கவங்க உயரத்துக்கு முட்டி எங்க, நெஞ்சு எங்கன்னு மெஷினே கணக்குப் போட்டுக்குமாம். அப்ப நான் எதுக்குன்னு கேட்டேன். நீங்கதான் சார் சொல்லுவீங்க, யாருக்காவது சந்தேகம் வந்தா மட்டும்தான் மெஷின்னு சொன்னான். பணிவாத்தான் சொன்னான், குத்தம் சொல்ல முடியாது.

சந்தேகம் பேட் புடிக்கிறவளுக்கு வரலாம், பந்து போடுறவளுக்கு வரலாம், பந்து புடிக்கிறவளுக்கு வரலாம். வந்தா உடனே தலையில ரெண்டு தட்டுத் தட்டணும். தட்டினா பந்து எங்க போச்சுன்னு ஸ்கிரீன்ல படம் வரும். ஒரு டீம் ரெண்டு தடவைதான் தப்பாத் தட்டலாம். தட்டினவ சொன்னது தப்புன்னா ஒரு வாய்ப்பு போச்சு. அவ சொன்னது சரி, அம்பயர் சொன்னது தப்புன்னா அந்த வாய்ப்பு குறையாது, அப்படியே இருக்கும். நல்ல விதின்னு நானும் கூட்டத்துல தலையாட்டிட்டுத்தான் வந்தேன். அம்பயருக்குச் சந்தேகம் வந்தா தட்டறதுக்கு மட்டும் விதி கிடையாது. அவனுக்குத்தான் சந்தேகமே வரக்கூடாதே.

எங்க மாவட்டத்துப் பொண்ணுங்க ஃபைனலுக்கு வந்துட்டாங்க. எல்லாம் யோகேஸ்வரி போட்ட பந்துல வந்தது. யோகேஸ்வரி நான் வேலை பார்த்த ஸ்கூல் புள்ள. ப்ளஸ் டூ முடிச்சிருக்கா. அப்பா லாரி ஓட்டினவர், ஒரு விபத்துல இடுப்பு போய் படுக்கையில இருக்கார். அம்மா பஞ்சவர்ணம் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுல ஷிப்ட் வேலை. இந்தப் புள்ள ஒல்லியா, வெடவெடன்னு இருப்பா. வேகம் கிடையாது. ஆனா ஒரு பந்து போடுவா தம்பி. நடுவுல வர்ற மாதிரியே வரும், பேட் புடிச்சவ காலைத் தூக்கி வெச்சு அடிக்கப் போறப்ப வெளிப்பக்கமா ஓரத்துக்கு நழுவும். நழுவி, பலகையோட ஓரத்தை ஒரசிக்கிட்டுப் போய் பெனாசிர் கிளவுஸ்ல விழும். பெனாசிர்தான் அவளுக்குப் பந்து புடிக்கிற புள்ள. அடிக்கவும் முடியாது, விடவும் முடியாது. அடிச்சா பேட்ல படாது, விட்டா ஸ்டிரைக். அவ வாங்கின பதக்கம் எல்லாம் அந்த ஓரத்துப் பந்துல வாங்கினதுதான். மாவட்டம், மண்டலம், போன வருஷம் ஸ்டேட், எல்லாத்துலயும் அவ போட்டப்ப பெரும்பாலும் பின்னால நின்னவன் நான்தான்.

ஃபைனல்ல எதிர்ல செங்கல்பட்டு. முதல்ல வந்த பொண்ணு நல்ல வளத்தி. யோகேஸ்வரி ஓரத்துப் பந்தைத்தான் போட்டா. கிளவுஸ்ல டப்புனு விழுந்துச்சு. நான் ஸ்டிரைக்குன்னேன். அந்தப் பொண்ணு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல தம்பி. ஹெல்மெட்ல ரெண்டு தட்டுத் தட்டினா. ஸ்கிரீன்ல படம் வந்துச்சு. பலகை வெள்ளையா, பந்து சிவப்பா. ரெண்டுக்கும் நடுவுல எலுமிச்சம்பழம் வைக்கிற அளவுக்கு இடம் இருந்துச்சு. பால்.

சரி, ஒண்ணு போகும், மனுசன்தானேன்னு நெனச்சேன். அடுத்த பந்தும் அங்கயே. நான் ஸ்டிரைக்குன்னேன். அவ தட்டினா. பால். அவளுக்கு அடுத்து வந்தவளும் தட்டினா. பால். அவங்க சொன்னதுதான் சரியா இருந்துச்சே, அதனால வாய்ப்பு குறையவே இல்ல. குறையலைன்னா எத்தனை தடவை வேணாலும் தட்டலாம்ல? தட்டினாங்க. ஒவ்வொருத்தியா வந்து தட்டினாங்க. முதல்ல கை தட்டின காலேஜ் பசங்க அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சாங்க. கடைசியில நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே 'தட்டு, தட்டு'ன்னு கத்தறானுங்க. கேலரி முழுக்க அவனவன் தலையில அவனவன் தட்டிக்கிறான்.

உங்களுக்கு எப்படிச் சொல்றது. தலையில மாஸ்க், நெஞ்சுல பேடு, அதுக்குள்ள வேர்த்து ஊத்துது. துணி இல்லாம நிக்கிற மாதிரி இருந்துச்சு. குரல் உள்ள போயிருச்சு. எதுக்கு வம்புன்னு ஓரத்துல வர்றதையெல்லாம் பால், பால்னு சொல்ல ஆரம்பிச்சேன். அப்ப பெனாசிர் தட்டினா. எங்க மாவட்டத்துப் புள்ள, நான் சொல்லிக் கொடுத்த புள்ள, அவளும் தட்டினா. ஸ்கிரீன்ல பார்த்தா அது நல்ல ஸ்டிரைக். கூட்டம் எழுந்து நின்னு கை தட்டுச்சு. இந்தப் பக்கம் சொன்னாலும் தப்பு, அந்தப் பக்கம் சொன்னாலும் தப்பு. அந்த இடத்துல பூமிக்குள்ள போயிடலாமான்னு இருந்துச்சு தம்பி, பொய் சொல்லல.

யோகேஸ்வரியா? அவ என்ன பண்ணுவா. ஓரத்துப் பந்து போச்சுன்னா அவகிட்ட வேற பந்து இல்ல. நடுவுல போட்டா அடிச்சாங்க. ஓரத்துல போட்டா நாலு பால் ஆகி நடந்து போனாங்க. ஒருத்தி பின்னால ஒருத்தியா நாலு பேஸையும் நடந்தே சுத்தி வந்து ரன் எடுத்தாங்க. கடிகாரம் வேற ஓடிக்கிட்டே இருக்கு, நின்னு மூச்சு விடக்கூட நேரம் இல்ல. கோச் அவளை வெளிய எடுத்துட்டார். தோத்துட்டோம். தமிழ்நாடு டீம் பேர் வாசிச்சப்ப அவ பேர் இல்ல. எல்லாம் அந்த மெஷினால.

மேட்ச் முடிஞ்சு தண்ணி டிரம் பக்கத்துல நிக்கிறேன். அசோசியேஷன் செக்ரட்டரி, சின்ன வயசு அம்பயருங்க ரெண்டு மூணு பேர், அந்த மெஷின் பசங்க, எல்லாரும் இருந்தாங்க. செக்ரட்டரி என் தோள்ல கை வெச்சு, வயசாகுதுல்ல மாணிக்கம் சார், கண்ணை ஒரு தடவை காட்டிருங்கன்னார். நல்ல மனசுலதான் சொன்னார். ஆனா பக்கத்துல நின்ன ஒருத்தன் முகத்தைத் திருப்பிக்கிட்டான், சிரிப்பை அடக்கறான்னு தெரிஞ்சுது. அந்த நேரம் பார்த்து யோகேஸ்வரி வந்தா. அழல. தொப்பியைக் கையில புடிச்சிருந்தா.

"சார், அந்தப் பந்து எப்பவுமே பால்தானா? இத்தனை வருஷமா ஸ்டிரைக்குன்னீங்களே?"

எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. என்ன சொல்ல முடியும் நீங்களே சொல்லுங்க. எனக்குத் தெரியலம்மான்னு சொல்லவா? கண்ணு தெரியாத அம்பயர்னு அங்கயே முத்திரை குத்திட மாட்டாங்க? அதனால கவுரவமா ஒரு பதில் சொன்னேன்.

"பால்னு எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் குடுத்தேன். உங்க வீட்டு நிலைமையைப் பார்த்து, பாவம், இந்தப் புள்ள மேல வரட்டும்னு குடுத்தேன்."

அவளுக்குச் சொல்றதை விடக் கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன், நின்னவங்களுக்கும் கேக்கட்டும்னு. இரக்கப்பட்டான்னு பேர் வந்தா என்ன குறைஞ்சு போச்சு? மனுசனுக்கு மனசு இருக்கிறது தப்பா? சிரிக்க வந்தவன்கூட சிரிக்கல.

அந்தப் புள்ளையும் தப்பா எடுத்துக்கல. தொப்பியைத் தலையில மாட்டிக்கிட்டா. அப்புறம், "இத்தனை நாள் குடுத்ததுக்குத் தேங்க்ஸ் சார்" அப்படின்னா. சொல்லிட்டு வேன்ல போய் ஏறிக்கிட்டா. நன்றி உள்ள புள்ள தம்பி. இந்தக் காலத்துல யார் சொல்றா.

இல்ல, என்ன கேட்டீங்க? ஆமா, அம்பயர் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க. பாவம் பார்த்துத் தீர்ப்பு சொல்ற ஆளை வெச்சுக்க முடியாதுன்னு செக்ரட்டரி போன்ல சொன்னார். கண்ணு தெரியலைன்னா ஓய்வுன்னு மரியாதையா அனுப்பியிருப்போம், நீங்களே இப்படிச் சொல்லிட்டீங்களேன்னு வருத்தப்பட்டார். பால்காரர் இப்ப என்னைப் பார்த்தா தலையில ரெண்டு தட்டுத் தட்டிக்கிட்டுப் போறார். விளையாட்டுக்குத்தான். ஆனாலும் நான் பால் வாங்க வெளிய வர்றதில்ல, ரீத்தாதான் வாங்கறா. சர்ச்சுக்குப் போனாக்கூட கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு முதல் ஆளா வெளிய வந்துடறேன். இந்த வயசுல எனக்கு இந்த அசிங்கம் தேவையா?

அது ஒரு பக்கம் இருக்கட்டும்னா, இன்னிக்குக் காலையில பஸ்ஸுல வரும்போது பஞ்சவர்ணம் போன் பண்ணுச்சு. யோகேஸ்வரியோட அம்மா. இன்ஜினியரிங் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு சர்டிபிகேட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தறதுக்கு நாளைக்குச் சாயங்காலம் கடைசியாம். இந்தப் புள்ள ஏத்த மாட்டேன்னு உக்காந்திருக்காளாம். அது எதுவும் என்னோடது இல்லம்மா, சார் பாவப்பட்டுக் குடுத்தது, அதை வெச்சு ஒருத்தர் சீட்டை நான் எடுக்க மாட்டேன்னு சொல்றாளாம். சுவத்துல மாட்டியிருந்த பதக்கத்தையெல்லாம் கழட்டி பீரோவுக்கு அடியில தள்ளிட்டாளாம். மில்லுக்கு வேலைக்கு வர்றேன், சூப்பர்வைசர்கிட்ட சொல்லுன்னு கேக்கறாளாம். அந்த அம்மா அழுவுது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா சார், நீங்கதான அவளுக்கு எல்லாம்னு அழுவுது.

சிவில் படிக்கணும்னு அவளுக்கு ரொம்ப நாளா ஆசை. பாலம் கட்டற இடத்துல போய் நின்னு பாத்துக்கிட்டு இருப்பா. மார்க் சுமார்தான். கோட்டா இல்லைன்னா நடக்காது. சின்னப் புள்ள, கோவத்துல பேசறா, நாளைக்குள்ள சரியாயிடும்னு அம்மாகிட்ட சொல்லிட்டுப் போனை வெச்சேன். பக்கத்து சீட்டுல இருந்தவர் என்னையே பாக்கற மாதிரி இருந்துச்சு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டேன்.



என்ன கேட்டீங்க?

நிஜமா பாவம் பார்த்துத்தான் குடுத்தேனான்னா கேக்கறீங்க.

கொஞ்சம் இருங்க. மருந்து எரியுது.

உள்ள ஒரு தடவை பார்த்துட்டாங்க தம்பி. இது ரெண்டாவது சொட்டு. ரெண்டு கண்ணுலயும் புரையாம், வலது கண்ணுல முத்திப் போச்சாம். சாதாரணமா இல்ல, நல்லா முத்திருச்சாம். எத்தனை வருஷமா மங்கலா இருக்குன்னு டாக்டரம்மா கேட்டாங்க. ஒரு மாசமா இருக்கும்னு சொன்னேன். அந்தம்மா எழுதறதை நிறுத்திட்டு, ஒரு மாசத்துல இப்படி ஆகாதுங்கய்யா, வருஷக்கணக்கா இருந்திருக்கும், நீங்க எப்படிச் சமாளிச்சீங்கன்னு கேட்டாங்க. எப்படிச் சமாளிச்சேன்னு அவங்க கேக்கறப்பதான் எனக்கே தெரிஞ்சுது.

காதால சமாளிச்சிருக்கேன். பந்து கிளவுஸ்ல விழற சத்தம் இருக்குல்ல? புடிக்கிறவ எட்டிப் புடிச்சா சத்தம் சப்புனு இருக்கும். கை நகராம, உக்காந்த இடத்துல நேரா வந்து விழுந்தா டப்புனு கேக்கும். நேரா விழுந்தா ஸ்டிரைக்தானே. அந்த டப்பை வெச்சுத்தான் நான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். எப்ப கண்ணு விட்டுச்சு, எப்ப காது புடிச்சுதுன்னு எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது. பெனாசிர் கெட்டிக்காரி. யோகேஸ்வரி பந்து எங்க வரும்னு அவளுக்குத் தெரியும். முன்னாடியே பலகையை விட்டு வெளிய நகர்ந்து உக்காந்துருவா. பந்து வெளிய போனாலும் அவளுக்கு அது நேராத்தான் வரும். டப்புனு விழும். நான் ஸ்டிரைக்குன்னு கத்துவேன்.

அதனால நான் அவளுக்கு எதையும் பாவம் பார்த்துக் குடுக்கல தம்பி. ஒரு பந்துகூடக் குடுக்கல. அது ஸ்டிரைக்குன்னுதான் நெனச்சேன். எதிர் டீம்ல எவ அந்த இடத்துல போட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், சொல்லியும் இருக்கேன். நான் சொன்ன விதிக்கு அவ ஆடினா. அம்பயர் ஸ்டிரைக்குன்னு சொல்ற இடத்துல பந்தைப் போடறதுதானே அவ வேலை? தினமும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து வந்து, கை வீங்கற அளவுக்குப் போட்டுப் பழகி, அந்த இடத்துலயே கொண்டு வந்து வெச்சா. அந்தப் பதக்கமெல்லாம் அவளோடதுதான். நான்தான் அதை அவகிட்ட இருந்து வாங்கிக்கிட்டேன். ஒரே ஒரு வார்த்தையில, எல்லார் முன்னாடியும், சத்தமாச் சொல்லி வாங்கிக்கிட்டேன். எதுக்கு? ஒருத்தன் சிரிச்சிரக்கூடாதுன்னு.

நான் அசிங்கப்பட்டேன் அசிங்கப்பட்டேன்னு இவ்வளவு நேரம் உங்ககிட்ட சொன்னது மைதானத்தை. அது ஒரு அசிங்கமா. அந்தப் புள்ள தேங்க்ஸ் சொன்னாளே, அப்ப நான் தலையாட்டினேன் தம்பி. ஏத்துக்கிட்டுத் தலையாட்டினேன்.

எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. சட்டைப் பையில போன் இருக்கு, எடுத்துக்கங்க. எனக்கு இப்ப எழுத்து எதுவும் தெரியல, பூராம் புகையா இருக்கு. யோகேஸ்வரின்னு தேடுங்க. இருக்கா? அழுத்துங்க. அழுத்திட்டு என் கையில குடுங்க. நாளைக்குப் பேசிக்கலாம்னா நான் பேச மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும்.

மணி அடிக்குது.

ம்... யோகேஸ்வரி, நான் மாணிக்கம் சார்மா. ஆமா. நல்லா இருக்கேன். மதுரையில இருக்கேன், கண்ணாஸ்பத்திரியில. அம்மா பேசினாங்க. இல்ல, திட்டறதுக்குக் கூப்பிடல. நான் சொல்றதைக் கேளு. அன்னிக்கு நான் உன்கிட்ட சொன்னது பொய்ம்மா. நான் உனக்கு எதுவும் குடுக்கல. எனக்குக் கண்ணு தெரியல. புரை முத்திப் போச்சுன்னு இங்க சொல்லிட்டாங்க, வருஷக்கணக்கா இருக்காம். எனக்கு அது ஸ்டிரைக்காத்தான் தெரிஞ்சுதும்மா. நீ ஜெயிச்சதெல்லாம் நீ ஜெயிச்சது. போய் அந்த சர்டிபிகேட்டை ஏத்தும்மா. கேக்குதா? யோகேஸ்வரி?

லைன்ல இருக்கா தம்பி. மூச்சு விடறது கேக்குது.

சொல்லும்மா.

இல்லம்மா. இல்ல. அப்படி இல்லம்மா, நான் சொல்றது நிஜம்...

தம்பி, என்ன கேக்கறா தெரியுமா. "இதையும் பாவம் பார்த்துத்தான் சொல்றீங்களா சார்?"னு கேக்கறா.

இந்தாங்க, போனைப் புடிங்க. நான் சொன்னா இனி நம்ப மாட்டா. நீங்க யாரோ, உங்களுக்கு அவ மேல பாவமும் இல்ல, என் மேல மரியாதையும் இல்ல. எனக்குக் கண்ணு தெரியலைன்னு நீங்க சொல்லுங்க. அம்பயருக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லுங்க தம்பி. சத்தமாவே சொல்லுங்க, இங்க உக்காந்திருக்கிற எல்லாருக்கும் கேக்கட்டும்.